எழுநூறு பேருக்கு ஆக்கியவள்

அவையை நடத்தும் தலைவர் அவர்களே, அனுபவத்தால் நரைத்த ஆன்றோர்களே, ரப்பர் பால்மரக் காட்டில் வாளி சுமந்து, பசியை மறைத்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்த தாய்மார்களே, ஈப்போ நகரின் உழைக்கும் உறவுகளே! ராக்காயியின் வணக்கம் உங்கள் எல்லோருக்கும்.

தொழில் செய்யும் பெண்ணைத் தடுப்பது எது என்று பேசச் சொன்னீர்கள். நான் ஒன்று கேட்கிறேன். வீட்டிலே ஏழு பேருக்கு ஆக்கினால் கடமை! மண்டபத்திலே எழுநூறு பேருக்கு ஆக்கினால் திமிரா? அதே கை, அதே கரண்டி. கூலி கேட்டதும் குற்றம் எங்கிருந்து வந்தது?

என் கணவர் இராமையா நோயில் மறைந்தார். தோட்ட நிர்வாகம் தந்திருந்த வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். சிம்பாங் பூலாய்க்கு வந்து கல்யாணச் சமையலில் இறங்கினேன். எழுபத்தெட்டாம் ஆண்டு, கோப்பெங்கில் ஒரு திருமணம். பெண்ணின் தாய் முத்தம்மா என்னை நம்பி அடுப்படியை ஒப்படைத்தார். விறகு தள்ள, அண்டா தூக்க என் தம்பி பத்துமலை உடன் நின்றான். சோறு வெந்து, சாம்பார் கொதிக்கும் வேளையில் மாப்பிள்ளையின் பெரியப்பா சன்னாசி வந்து நின்றார்.

"யாரு சமையக்காரன்?"

"நாந்தாண்ணே."

"தாலி அறுத்தவ கையாலயா கல்யாணச் சோறு? வெளிய தெரிஞ்சா மானம் போயிரும் லா! ஒந்தம்பி பத்துமலை ஆக்குனான்னு சொல்லிடுறேன். நீ பின்னால போய் ஒளிஞ்சுக்க."

ஒளிவதா? நெருப்பின் முன்னே நின்றவள், நிழலுக்குள்ளே நுழைவதா?

"ஆக்குனது ராக்காயின்னு பந்தியில சொல்லுங்க. இல்லாட்டி நானே சொல்றேன்" என்றேன்.

அவர் பத்துமலையைப் பார்த்தார். அவன் தலைத்துண்டை அவிழ்த்தான். "எனக்கு உப்பு எவ்வளவு போடணும்னே தெரியாதுண்ணே."

சிரிக்கிறீர்கள், அம்மா! அன்று ஒருவரும் சிரிக்கவில்லை.

பந்தியின் முன்னே போய்ச் சொன்னேன். மாப்பிள்ளை வீட்டார் நாற்பது பேர் இலையை விட்டு எழுந்தார்கள். முத்தம்மாவின் முகம் வெளுத்தது. மகளின் வாழ்வல்லவா? ஆனாலும் அந்தத் தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு, காலியான ஓர் இலையின் முன் அமர்ந்தார். "எனக்குப் போடுங்கக்கா. நான் சாப்பிடுறேன்."

மணமேடையிலிருந்து மாப்பிள்ளை இறங்கி வந்து, மாமியாருக்கு அருகில் அமர்ந்தார்! நாற்பது பேர் போனார்கள். மற்றவர்கள் உண்டார்கள்.

உடனே உலகம் திருந்திவிட்டதா? இல்லை! எட்டு மாதம் ஒரு கல்யாணத்துக்கும் என்னை அழைக்கவில்லை. லகாட் ஊரில் தொழிற்சாலைப் பெண்களுக்குச் சோறு கட்டிக் கொடுத்தேன். அந்தப் பெண்கள்தாம் தங்கள் திருமணங்களுக்கு என்னை அழைத்தார்கள். இன்று என்னோடு ஆறு பெண்கள் அடுப்பேற்றுகிறார்கள்.

சகோதரிகளே! நீங்கள் தைத்த துணியை, நீங்கள் சுட்ட முறுக்கை, நீங்கள் அரைத்த மசாலையை இன்னும் எத்தனை காலம் அண்ணன் பெயரிலும் கணவர் பெயரிலும் விற்பீர்கள்? திங்கட்கிழமை பதிவு அலுவலகத்துக்கு நான் துணை வருகிறேன். சொந்தப் பெயரில் கடை பதிய வருகிறவர்கள் எழுந்து நில்லுங்கள்!

ஒருவர்... இருவர்... அதோ, மூன்றாம் வரிசையில்! பெயர் என்னம்மா? இருளாயியா? பக்கத்தில் இருக்கும் அண்ணே, முந்தானையை விடுங்கள். அவர் நிற்கட்டும்!

எழுந்தவர்களுக்கு நன்றி. எழப்போகிறவர்களுக்கு இப்போதே நன்றி. வணக்கம்!