பரண் மேல் கிடந்த தொட்டி

மாலை நான்கு நாற்பது.

அலோ, ஜெரியா? நான் வெற்றி பேசறேன்பா. காசிமேட்ல படகுக்கு ஃபைபர் ஒட்டுவேன்ல... ஆங், ஆங், அதே வெற்றி தான். உன் கலர் மீன் கடைல தான கீற? ஒரு ஆஸ்கர் மீனு சாஞ்சிகினு கீதுபா...

என்து இல்ல. கலீலுல்லாவோட மீனு... ஆமா, செத்துட்டான்ல, என் தோஸ்து. அவன் பொண்டாட்டி ஃபிர்தௌஸு வூடு மாத்தசொல்லோ தொட்டி ஒடஞ்சிப் போச்சு. நாந்தான் வாய வுட்டேன். எங்கிட்ட தொட்டி கீதும்மா, நான் பாத்துக்கறேன்னு...

ஏழு வருசமா பரண் மேல கெடந்துச்சி... கழுவினேன்பா... சோப்பு போடல, கல்லுப்பு போட்டுத் தேச்சேன்... பிளீச்சிங்கும் இல்ல. இன்னாபா போலீஸ்காரன் மாறி கேட்டுகினு கீற? வாயத் தொறந்து தொறந்து மூடுது மீனு...

தண்ணி டிரம்முல மூணு நாளு வெச்சது... பம்பு ஓடுது...

ஒழுவுச்சி. ஆமா. மூலையில சிலிக்கான் காஞ்சி உரிஞ்சி வந்துச்சி. அடச்சிட்டேன்... சிலிக்கான் இல்லபா, ரெசினு... ரெசினு! உள்பக்கமா ஃபைபர் மேட்டு வெச்சி ரெண்டு கோட்டு. நடுக்கடல்ல படகயே தாங்குது, இத்துனூண்டு கண்ணாடித் தொட்டியத் தாங்காதா? ஒரு சொட்டு ஒழுவல, வந்து பாரு...

நேத்து காலையில பூசினேன். இன்னிக்கி மத்தியானம் மீன வுட்டேன்... வாசனையா?

வருது.

கத்தாத ஜெரி. கத்தாதன்றேன்ல! காயாத ரெசினு தண்ணில வெசமா எறங்கும்னு எனக்கு இன்னாபா தெரியும்? இப்ப இன்னா பண்ணணும், அத்தச் சொல்லு... சரி... சரி. இரு, ஸ்பீக்கர்ல போடறேன்.

...வாளியில வுட்டுட்டேன். டிரம்முல மிச்சம் இருந்த தண்ணி தான். பம்பையும் மாத்திட்டேன்... ஒரு பக்கமா கெடக்குது. செவுளு ஆடுது, லேசா... பொழைக்குமா?... தெரியாதுன்னா? நீ தானபா மீன் கடை வெச்சிகினு கீற!

அஞ்சு மணிக்கு அவ வரா, ஜெரி. மீனப் பாக்க. புருசன் செத்து இத்தாவுல நாலு மாசம் வெளிய வராம கெடந்தாள்ல, இந்த மீனுகிட்ட தான் பேசிகினு இருந்தேன் அண்ணேன்னு சொன்னா. அவகிட்ட நான்...

இன்னாது?... வேற மீனா?... அதே சைஸா?... அதே கலரு... கவர்ல கட்டினு இருவது நிமிசத்துல வந்துருவியா?

வா. ஆட்டோ புடிச்சி வா. பின்பக்கமா வா, முன்னால அவ வந்தா...

இரு. படியில யாரோ ஏறி வராங்க.

அவ தான். அஞ்சு மணின்னாளே...

ஜெரி, நீ வராத... வராதன்னு சொல்றேன். அவ கண்டுபுடிக்க மாட்டா, சரி. நான் எப்டிபா அத்தக் காட்டி கலீலுல்லா மீனுன்னு சொல்றது?... முடியாதுபா. வெச்சிடறேன்.

வாம்மா ஃபிர்தௌஸு... வாளியில கீறது உன் மீனு தான். ரெசினு பூசி நாந்தான் கெடுத்துட்டேன்...

எதனா திட்டும்மா.