பதினைந்தாவது மட்டை

கடலூர் மாவட்டத்தில் கோல்ஃப் விளையாட்டை என்னைவிட நன்றாக அறிந்தவர் இன்றைக்கு ஒருவரும் கிடையாது. இதைத் தற்பெருமை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மாவட்டத்தில் அந்த விளையாட்டு தெரிந்தவர்களே மூன்று பேர்தான். ஒருவர் கம்பெனி மேனேஜர். மாற்றலாகி குஜராத் போய்விட்டார். இன்னொருவன் சேரன், அவனுக்கு இப்போது கண் தெரியாது. மிச்சம் நான்.

என் பெயர் அறிவழகன். சிதம்பரம் கீழ வீதியில் விளையாட்டுச் சாமான் கடை வைத்திருக்கிறேன். கேரம் போர்டு, இறகுப்பந்து, கிரிக்கெட் மட்டை எல்லாம் கிடைக்கும். கோல்ஃப் சாமான் கிடையாது. இதையெல்லாம் என்னிடம் யாரும் கேட்கவில்லை. கேட்காமலே போய்ச் சொல்கிறவர்களைப் பற்றி எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. அது வழியில் தானே வரும்.

செம்மங்குப்பத்துத் தொழிற்பேட்டையில் ஒரு சாயக் கம்பெனி. பேர் வேண்டாம். அதன் விருந்தினர் மாளிகைக்குப் பின்னால் மேனேஜர் தன் ஆசைக்குப் புல் வளர்த்து, ஒன்பது குழி வெட்டி வைத்திருந்தார். தென்னை பட்டுப்போகிற மண்ணில் அந்தப் புல் மட்டும் எப்படிப் பச்சையாக இருந்தது என்று எங்கள் ஊர் குடிகாட்டில் இன்றும் பேசிக்கொள்வார்கள். என் அப்பா கலியமூர்த்தி அங்கே ஃபிட்டர். சேரனின் அப்பாவும் அதே ஷிஃப்ட். மேனேஜர் ஒரு பழைய இரும்பு மட்டையைக் குப்பையில் போட, அப்பா அதைப் பட்டறையில் அறுத்துக் குட்டையாக்கி எங்கள் இருவருக்கும் பொதுவாகக் கொடுத்தார். இடுப்பு உயரம்கூட வராது. நாங்கள் கற்றுக்கொண்டது அதில்தான்.

2004-இல் இருவரும் சிதம்பரத்தில் ஒரே விடுதியில் தங்கிப் படித்தோம். முதல் செமஸ்டரில் சேரனுக்கு ஒரு தாளில் கூட்டல் பிழையால் நாலு மார்க் ஜாஸ்தி வந்தது. பயல் நேராக வாத்தியாரிடம் போய்ச் சொல்லி, மார்க்கைக் குறைத்துக்கொண்டு, ஃபெயிலாகித் திரும்பினான். மறுநாள் காலை மெஸ் சுவரில் ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டியிருந்தது. 'அகால மரணமடைந்த நாலு மார்க்குக்கு ஆழ்ந்த இரங்கல். துயரத்தில் வாடும் மீதி முப்பத்தாறு மார்க்.' நடுவில் சேரனின் ஹால் டிக்கெட் படம், சுற்றிலும் மாலை. எழுதியது நான்தான். சேரன் அதைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். ஒருவனை அவமானப்படுத்த எவ்வளவு மெனக்கெட்டாலும் அவன் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டால் பசைக்காசு வீண்.

2006-இல் நாட்டின் தொழில்முறை டூருக்கான தேர்வு பெங்களூரில் நடந்தது. டூர் என்றால் வருஷம் முழுக்க ஊர் ஊராகப் போய் ஆடுகிற போட்டிகள். தேர்வில் குறிப்பிட்ட ஸ்கோருக்குள் முடித்தால் ஆடும் உரிமை. இருவருமே போனோம். கோல்ஃபில் குறைவான அடியில் முடிப்பவன் ஜெயிப்பான்; உங்கள் அடிகளை எண்ணுவது கூட ஆடுகிறவன். எனக்கு எண்ணியவன் சேரன்.

கடைசிக் குழி. என் பந்து நீளப் புல்லில் கிடந்தது. அதன் பின்னால் மட்டையை வைத்தேன். பந்து ஓர் அரிசி அளவு நகர்ந்தது. அவ்வளவுதான். யானை வந்து மிதித்ததைப் பார்த்தவன் போலச் சேரன் பக்கத்தில் வந்து நின்றான்.

"பந்து நகந்துச்சு மச்சான்."

"காத்துடா."

"காத்தே இல்ல. நீயே சொல்லிடு. நான் சொன்னா நல்லா இருக்காது."

நான் அடித்துவிட்டேன். ஆட்டம் முடிந்ததும் அவன் நடுவரிடம் போய், தப்பு செய்தவன் மாதிரித் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். இரண்டு அடி அபராதம். ஓர் அடியில் எனக்கு வாய்ப்பு போனது. அவன் தேறிவிட்டான்.

அந்த நேரமே நானாகச் சொல்லிப் பந்தைப் பழைய இடத்தில் வைத்திருந்தால் அபராதம் ஒன்றுதான், நானும் தேறியிருப்பேன் என்று சிலர் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். அந்தக் கணக்கை நான் பொருட்படுத்துவதில்லை. யாரும் பார்க்காத தப்பைத் தானே போய்ச் சொல்கிறவன் முட்டாள். அடுத்தவன் தப்பைச் சொல்கிறவன் அதைவிட ஆபத்தான முட்டாள். அன்றைக்கு என் கருத்து இது. அப்பா ஒரே ஒரு தடவை கேட்டார், பந்து நெசமாவே நகந்துச்சாடா என்று. இல்லை என்றேன். அதற்கப்புறம் அவர் சேரன் அப்பாவோடு ஒரே கேன்டீன் பெஞ்சில் உட்காரவில்லை.

சேரனுக்கு மனசு கேட்கவில்லை. டூரில் தன் பையைத் தூக்க என்னைக் கூப்பிட்டான். "கூட நீ இருந்தா தைரியம் மச்சான்" என்றான். மட்டைப் பையைச் சுமந்து, காற்றும் சரிவும் பார்த்துச் சொல்லும் ஆளுக்கு அந்த விளையாட்டில் கேடி என்று பேர். குடிகாட்டில் கேடி என்றால் போலீஸ் தேடுகிற ஆள். அதனால் அம்மா, பையன் வெளியூரில் சாமான் தூக்குகிறான் என்றே சொல்லி வந்தாள். நான் உடனே ஒப்புக்கொண்டேன். அவன் பக்கத்திலேயே இருக்க வேண்டியது எனக்கும் அவசியமாக இருந்தது.

நான் சொல்ல வந்த சீசன் 2008. ரயில் பாதையைப் பெயர்த்துப் போட்டிருந்த காலம். விழுப்புரம் வரைக்கும் பஸ்தான். ஆள் உயரப் பையைப் பார்த்து கண்டக்டர், "என்ன தம்பி, நாயனமா? எந்த ஊர்ல கச்சேரி?" என்பார். ஆமாண்ணே, கல்யாணக் கச்சேரி என்பேன். எனக்கு இன்ஜின் பக்கம் உட்கார இடம் கிடைக்கும். சேரன் இது நாயனம் இல்லை என்று ஆரம்பித்து, கோல்ஃப் என்றால் என்ன, குழி எதற்கு என்று பண்ருட்டி தாண்டும்வரை விளக்குவான். விழுப்புரம் வரை நின்றுகொண்டே வருவான்.

அந்த வருஷம் அவனுக்கு ஒரு சிக்கல் இருந்தது. கம்பெனி அவனை விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு எடுத்திருந்தது. சீசன் முடிவில் தரவரிசையில் முதல் அறுபதுக்குள் வந்தால், ஆலைப் பக்கமே வராமல் தொடர்ந்து ஆடலாம். வெளியே விழுந்தால் ஆலைக்குள் இறங்க வேண்டும். அவன் அப்பா அந்த ஆலையில் இருமி இருமியே ஓய்ந்தவர். சேரன் மனைவி பிரிசில்லா அவனை மணக்கச் சம்மதித்ததே, ஆலை வேலைக்குப் போக மாட்டேன் என்று அவன் சொன்ன பிறகுதான்.

சீசன் தொடக்கத்தில் அவன் மோசமாக ஆடினான். சண்டிகரில் சொதப்பினான். ஜாம்ஷெட்பூரில் இரண்டே நாளில் வெளியேறினான். இப்படியே விட்டிருந்தால் தானாக விழுந்திருப்பான். ஆனால் தரையில் கிடக்கிறவனை எங்கே தள்ளுவது? ஆகவே நான் வேலையை ஒழுங்காகச் செய்தேன். ஒவ்வொரு ஊரிலும் விடியற்காலையில் போய்ப் புல்லைத் தடவிச் சரிவு பார்த்தேன். எந்தக் குழிக்கு எந்த மட்டை என்று சொன்னேன். அவன் அடி தவறினால் மெஸ் சுவர் போஸ்டரைப் பற்றிப் பேசிச் சிரிக்க வைத்தேன். மற்ற ஆட்டக்காரர்கள், இப்படி ஒரு கேடி எங்களுக்குக் கிடைக்கவில்லையே என்று அவனிடம் சொல்வார்கள். கொல்கத்தாவில் சீசனின் கடைசிப் போட்டிக்குப் போகும்போது சேரன் தரவரிசையில் ஐம்பத்தேழு.

கோல்ஃபில் ஒரு விதி உண்டு. பையில் பதினாலு மட்டைதான் இருக்கலாம். பதினைந்தாவது இருந்தால், அதைத் தொடாவிட்டாலும் அபராதம். நாலு அடி வரை போகும். ஆட்டம் தொடங்கும்முன் மட்டைகளை எண்ணிப் பார்ப்பது கேடியின் வேலை.

எங்கள் பழைய குட்டை மட்டை சேரன் வீட்டுக் கூடத்தில், மாதா படத்துக்குக் கீழே ஆணியில் தொங்கும். ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால் பிரிசில்லா அவனுக்குத் தெரியாமல் பையின் பக்கவாட்டில் வேளாங்கண்ணி எண்ணெய்ப் புட்டி ஒன்றைச் செருகி வைப்பாள். அவனுக்கு அது தெரியும். அவனுக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். கொல்கத்தாவுக்குக் கிளம்பிய அன்று பையை எடுக்கப் போனவன் நான். குட்டை மட்டையை ஆணியிலிருந்து எடுத்து என் துணி மூட்டைக்குள் சுற்றிக்கொண்டேன். கடைசி நாள் காலையில் அதைப் பைக்குள் விட்டேன். குட்டையாக இருந்ததால் நெட்டை மட்டைகளுக்கு நடுவே மூழ்கிப்போனது. வெளியே தலை தெரியவில்லை.

"பதினாலுதானே மச்சான்?" என்று கேட்டான்.

"பதினாலு" என்றேன்.

அன்றைக்கு அவன் ஆடியதைப் போல அதற்கு முன் ஆடியதில்லை. பதினெட்டாவது குழிக்கு வந்தபோது அறுபதுக்குள் இடம் உறுதி. கூட ஆடுகிறவர் தூரத்தில் தன் பந்தைத் தேடிக்கொண்டிருந்தார். சேரன் கையுறை கேட்டான். நான் பையைத் தரையில் படுக்கப் போட்டேன், வாய்ப் பக்கம் கொஞ்சம் தாழ்வாக. குட்டை மட்டை சறுக்கிக்கொண்டு வந்து அவன் காலடியில் நின்றது.

முதலில் அவன் சிரித்தான். "டேய், இது நம்ம..." என்று குனிந்தான். பிறகு சிரிப்பு மெதுவாக இறங்கியது.

"உள்ள தள்ளிடு மச்சான். யாரும் பாக்கல" என்றேன். அவன் எனக்குக் கொடுத்த வாய்ப்பை நானும் அவனுக்குக் கொடுத்தேன். இந்த விஷயத்தில் என்மேல் குறை சொல்ல முடியாது.

அவன் என்னைப் பார்க்கவே இல்லை. கையை உயர்த்தி நடுவரைக் கூப்பிட்டான்.

நான் பயன்படுத்திய ஆயுதம் அந்த மட்டை அல்ல என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். வேறு யாராக இருந்தாலும் அதைப் பைக்குள் தள்ளிவிட்டு மேலே ஆடியிருப்பார்கள். என் ஒரு வருஷ உழைப்பு பாழாகியிருக்கும். சேரன் அப்படிச் செய்ய மாட்டான் என்று நான் நம்பினேன். அவனை அந்த அளவுக்கு நம்பியவர்கள் அதிகம் பேர் இருக்க முடியாது. நாலு அடி. தரவரிசையில் அறுபத்திரண்டு.

ரயிலில் ஒடிசா தாண்டும்வரை அவன் குட்டை மட்டையைத் துணியால் துடைத்துக்கொண்டே வந்தான். அப்புறம், அது எப்படிப் பைக்குள் வந்தது என்று கேட்டான். நான் யோசிப்பது போல யோசித்தேன். "வீட்ல ராசிக்காக வச்சிருப்பாங்க. எண்ணெய் வைக்கிற மாதிரி. தங்கச்சிய ஒண்ணும் கேக்காத, பாவம்" என்றேன். கேட்காதே என்று நான் சொன்னதால்தான் அவன் கேட்டான்.

அவள் இல்லை என்றாள். அவன் திரும்பக் கேட்கவில்லை. ஆனால் எண்ணெய்ப் புட்டியை எடுத்து அலமாரியின் மேல் தட்டில் வைத்துவிட்டான். நான் போயிருந்தபோது பிரிசில்லா வாசல்வரை வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"நான் வைக்கலண்ணா. மாதா மேல சத்தியமா. நீங்களாவது நம்புங்க."

"நான் நம்புறேம்மா" என்றேன்.

உண்மையிலேயே நம்பினேன். அவளைக் கொஞ்சமும் சந்தேகப்படாதவன் உலகத்திலேயே நான் ஒருவன்தான்.

சேரன் ஆலையில் இறங்கினான். 2010 மழைக்காலத்தில் ஒரு குழாய் மூட்டு விட்டு, ஆவி அவன் முகத்தில் அடித்தது. அந்தக் குழாயை நான் திறக்கவில்லை. அந்தச் சமயம் நான் கீழ வீதியில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு வளையப்பந்து விற்றுக்கொண்டிருந்தேன், சாட்சி இருக்கிறது.

அதிலிருந்து ஞாயிறு தவறாமல் குடிகாட்டுக்குப் போகிறேன். ஆங்கிலப் பேப்பரில் டூர் முடிவுகளை அவனுக்கு வாசித்துக் காட்டுவேன். அந்த சீசனில் அவன் தோற்கடித்த ஆட்கள் இப்போதெல்லாம் என் வாசிப்பில் நிறைய ஜெயிக்கிறார்கள். அவன் சந்தோஷமாகக் கேட்டுக்கொள்வான். "பரவால்ல, நல்லா வந்துட்டானுங்க" என்பான். அவனை எரிச்சல்படுத்துவது விடுதியிலும் முடியவில்லை, இப்போதும் முடியவில்லை.

போன மாசம், 2012 பிறந்ததும், கண் போன பிறகு முதல் தடவையாக, மைதானத்துக்குக் கூட்டிப்போகச் சொன்னான். புது மேனேஜருக்கு கோல்ஃபில் நாட்டம் கிடையாது. ஒன்பது குழியில் எட்டு தூர்ந்துவிட்டன. மிச்சம் இருந்த ஒரு குழியில் பிரிசில்லா ஒரு இரும்புக் கம்பியை விட்டு, சேரனுக்குத் திசை தெரியட்டும் என்று கடகடவென்று ஆட்டிக்கொண்டு நின்றாள். மூக்கைப் புடவைத் தலைப்பால் மூடி, புகைபோக்கிப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். என் கையிலும் அவன் கையிலும் மாறி மாறி அதே குட்டை மட்டை. மூன்று முறை ஆடி, யார் குறைச்சல் என்று பார்ப்பதாகப் பேச்சு.

மூன்றாவது ஆட்டத்தில், பந்தின் பின்னால் மட்டையை வைத்தேன். பந்து நகர்ந்தது. ஓர் அரிசி அளவு.

சேரனால் பார்க்க முடியாது. பிரிசில்லா பார்க்கவில்லை. காற்று இருந்தது, காற்று என்று சொன்னால் அவனே ஒப்புக்கொண்டிருப்பான். அதைக்கூடச் சொல்லத் தேவையில்லை. நான் குனிந்து, பந்தை இருந்த இடத்திலேயே திருப்பி வைத்தேன்.

"பந்து நகந்துச்சு மச்சான். எனக்கு ஒண்ணு கூட்டிக்க" என்றேன்.

ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

சேரன் முகம் என் பக்கம் திரும்பியது. ரொம்ப நேரம் சிரித்தபடி இருந்தான். அப்புறம் கம்பிச் சத்தம் வந்த திசையைப் பார்த்து, மெதுவாகத்தான் சொன்னான்.

"பாத்தியா பிரிசில்லா? யாரும் கேக்காமயே சொல்றான். அன்னிக்கு நீயும் இப்பிடி ஒரு வார்த்த சொல்லியிருந்தா, எனக்கு மனசு ஆறியிருக்கும்."

கம்பிச் சத்தம் நின்றது. அவள் என்னைப் பார்த்தாள், நீங்கள் நம்புகிறீர்கள்தானே அண்ணா என்பது மாதிரி. நான் பந்தைப் பார்த்தேன். ஏற்கெனவே ஒன்று சொல்லியாகிவிட்டது. ஒரு நாளைக்கு ஒன்று போதும்.

அடித்தேன். உள்ளே போனது. அபராதத்தையும் கூட்டிப் பார்த்தேன்; நான்தான் ஜெயித்தேன்.