சீதனமாகப் போன துப்பாக்கி

1974, ஆனி மாதம். தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகும் பஸ்ஸில் என் முன் இருக்கையில் ஓர் உப்பள முதலாளியும், அவருக்குத் தெரிந்த இளம் வக்கீல் ஒருவரும் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"மகளுக்கு நகையோட நம்ம ரெட்டைக்குழல் துப்பாக்கியையும் சீதனமாக் குடுத்துட்டேன், தம்பி."

"லைசன்ஸ் யாரு பேருல இருக்கு, அண்ணாச்சி?"

"எம் பேருலதான். குடும்பத்துக்குள்ளதான இருக்கு?"

"அது என்ன பித்தளக் கொடமா, தூக்கிக் குடுக்க? மாப்பிள்ளைக்கு லைசன்ஸ் உண்டா?"

"இல்ல. ஆனா தோள்ல மாட்டிக்கிட்டுத்தான் கடைத்தெருவுக்கே போறாரு. அதோட போட்டோ எடுத்து ஸ்டூடியோ வாசல்லயும் வச்சிருக்கு."

"பேஷ்! போலீசுக்குத் தேடுத வேலை மிச்சம். குடுத்த ஒங்களுக்கும் ஜெயிலு, வாங்குன அவருக்கும் ஜெயிலு. மாமனும் மருமவனும் சேந்து உக்காந்து களி திங்கலாம்."

"இப்ப என்ன செய்யட்டும்?"

"செய்ய என்ன இருக்கு? இன்னைக்கே போயி அதத் திருப்பி வாங்குங்க."

முதலாளி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். 

"கேட்டா குடுத்துருவாங்க, தம்பி. மகளையும் சேத்துல்லா அனுப்பி வைப்பாங்க."