ரெண்டு பாட்டு ஆழம்

மாமனார்: ...நான் பொய் சொல்வேனா தம்பி? வண்டி நூலகத்து வளைவுல அந்தப் பள்ளத்துல இறங்க ஆரம்பிச்சப்போ ரேடியோவுல ஒரு பாட்டு ஆரம்பிச்சுது. நான் அடியில போய்ச் சேரும்போது அது முடிஞ்சுது. ஏறி மேல வர்றதுக்குள்ள இன்னொண்ணும் முடிஞ்சுபோச்சு.

சக்கரக் கடைக்காரர்: ரெண்டு பாட்டா ஐயா?

மாமனார்: நடுவுல ஒரு விளம்பரம் வேற.

மாப்பிள்ளை: மாமா... அவர் சக்கரத்தைக் கழட்டட்டும்.

சக்கரக் கடைக்காரர்: கழட்டுறது கைதானே சார், காது சும்மாதான் இருக்கு. நீங்க சொல்லுங்க ஐயா.

மாமனார்: அப்படிக் கேளுங்க. அடியில ஜில்லுனு இருந்துச்சு. கண்ணாடியை ஏத்திவிட்டுட்டுப் பக்கத்துல பாக்குறேன், ஒரு லாரி நிக்குது. டிரைவர் சாப்பிட்டு முடிச்சுக் கை கழுவிக்கிட்டு இருக்கான். "என்ன பெரியவரே, நீங்களுமா"ங்கிறான்.

சக்கரக் கடைக்காரர்: அடப் பாவமே. அவர் எப்ப விழுந்தாராம்?

மாமனார்: அதை நான் கேக்காம விடுவேனா? போன தேர்தலுக்கு முன்னாடியாம்.

மாப்பிள்ளை: காதுல பூ சுத்துறதுக்கும் ஒரு அளவு இருக்கு மாமா. நூலகத்து வளைவுல பள்ளமே இல்ல.

சக்கரக் கடைக்காரர்: அவ்வளவு உறுதியாச் சொல்றீங்களே சார்.

மாமனார்: சொல்லாம? எங்க மாப்பிள்ளை யாருன்னு நினைச்சீங்க? ரோடு ஆபீஸ் இன்ஜினியர். இந்தப் பக்கத்து ரோடு பூரா இவர் கையில. ஒரு பள்ளம் பொறக்கணும்னாக்கூட இவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுத்தான் பொறக்கும்.

சக்கரக் கடைக்காரர்: அப்ப நமக்கு முதலாளின்னு சொல்லுங்க. சாராலதான் நம்ம கடையே ஓடுது.

மாப்பிள்ளை: நீங்க சக்கரத்தைப் பாருங்க.

சக்கரக் கடைக்காரர்: தமாஷுக்குச் சொன்னேன் சார். டீ சொல்லட்டுமா?

மாப்பிள்ளை: வேணாங்க.

மாமனார்: அவருக்கு ஒண்ணும் இறங்காது. காலையிலேருந்து கப்பல் கவிழ்ந்த மாதிரி இருக்கார். மாமனார் வண்டிக்கு அடிபட்டதுக்கு இப்படி உருகுற மாப்பிள்ளை யாருக்குக் கிடைப்பார், சொல்லுங்க.

சக்கரக் கடைக்காரர்: வண்டி உங்களுதா ஐயா?

மாமனார்: சாயந்தரம் வரைக்கும் என்னுது. அப்புறம் தெரியாது.

சக்கரக் கடைக்காரர்: ஏன், விக்கப் போறீங்களா?

மாமனார்: என் பொண்ணு இருக்காளே, இவர் வீட்டுக்காரி, அவ தீர்ப்பு சொல்லணும். பள்ளத்துல விழுந்து வளைஞ்சுதுன்னா தப்பு ரோட்டு மேல. பள்ளம் இல்லைன்னா தப்பு என் மேல. சாவியைப் பிடுங்கிடுவா.

மாப்பிள்ளை: பிடுங்கவெல்லாம் மாட்டா மாமா. வயசாயிடுச்சேன்னு பயப்படுறா. அவ்வளவுதான்.

மாமனார்: அவ பயந்தாலும் போறது என் சாவிதானே? அப்பாவுக்குக் கண்ணும் போச்சு, நினைப்பும் போச்சுன்னு என் காதுபடவே சொன்னா தம்பி. சொல்லிட்டு இவரைக் கேட்டா, அந்த வளைவுல பள்ளம் இருக்கா இல்லையான்னு. இவர்...

மாப்பிள்ளை: இல்லைன்னேன். மூடியாச்சு. நானே கூட நின்னு மூடினது.

மாமனார்: பாத்தீங்களா? அப்பவும் இப்படித்தான். தட்டுல இருந்து தலையைக்கூடத் தூக்காம சொன்னார்.

சக்கரக் கடைக்காரர்: கழண்டுருச்சு. இங்க வாங்க ஐயா, உள்பக்கம் பாருங்க. ரிம் நல்லா நசுங்கியிருக்கு. இந்த டயர் ஓரத்துல புடைச்சுக்கிட்டு நிக்குது பாருங்க, இது தேறாது. ரிம்மைத் தட்டி எடுத்துடலாம்.

மாமனார்: பளார்னு ஒரு அறை வாங்கின கன்னம் மாதிரியே வீங்கியிருக்கு.

மாப்பிள்ளை: நடைபாதை ஓரக்கல்லுல ஏத்தினாலும் இப்படி ஆகும்ல?

சக்கரக் கடைக்காரர்: ஆகலாம் சார். நான் என்ன கூடவா இருந்தேன்... சே, என்ன இது, கையெல்லாம் கருப்பா ஒட்டுது. தாரு. உள்ள பூரா தாரும் பொடிக்கல்லுமா அப்பிக் கிடக்கு.

மாமனார்: தாரா?

சக்கரக் கடைக்காரர்: இன்னும் சரியாக் காயக்கூட இல்ல.

மாமனார்: எங்க, காட்டுங்க... அட. தாருதான்... இருக்கும்ல. இருக்காதா பின்ன? அந்தப் பள்ளத்துக்குள்ள முட்டளவு தாரு. நீந்திதான் வந்தேன். இதைச் சொல்ல விட்டுட்டேன் பாருங்க.

மாப்பிள்ளை: அதைத் துடைச்சுப் போடுங்க.

சக்கரக் கடைக்காரர்: துடைக்கத்தானே சார் போறேன். ஏன் சட்டுனு...

மாப்பிள்ளை: ஒண்ணுமில்ல. சீக்கிரம் முடிச்சுக் கொடுங்க.

சக்கரக் கடைக்காரர்: உள்ள கொண்டுபோய்ச் சூடு காட்டித் தட்டணும். கொஞ்சம் நேரம் பிடிக்கும். அந்த பெஞ்சுல உக்காருங்க. ஐயா, லாரிக்காரர் மேல வந்தாரா இல்லையான்னு நான் வந்ததும் சொல்லணும்.

மாமனார்: அவன் எங்க வரப்போறான், அங்கேயே பால் காய்ச்சிக் குடியேறிட்டான். நீங்க போய்ட்டு வாங்க.

மாப்பிள்ளை: உக்காருங்க மாமா.

மாமனார்: போய்ட்டாரா?

மாப்பிள்ளை: போய்ட்டார்.

மாமனார்: மாப்பிள்ளை, ஒண்ணு கேக்குறேன். சிரிக்கக் கூடாது.

மாப்பிள்ளை: கேளுங்க.

மாமனார்: அந்த வளைவுல... நெசமாவே பள்ளம் இல்லையா? ஒரு கிண்ணம் அளவுக்குக்கூட?

மாப்பிள்ளை: ஏன் மாமா, விழுந்த உங்களுக்குத் தெரியாதா?

மாமனார்: நான் எங்க விழுந்தேன்?

மாப்பிள்ளை: என்னது?

மாமனார்: மெதுவா... அவர் காதுல விழப்போகுது. நான் அந்த ரோட்டுப் பக்கமே போகல. உங்க அத்தையை முழங்கால் பயிற்சிக்குக் கூட்டிட்டுப் போறது பள்ளிக்கூடத்து ரோட்டுல. அது தாம்பாளம் மாதிரி இருக்கும்.

மாப்பிள்ளை: அப்ப அந்த ரெண்டு பாட்டு... லாரி...

மாமனார்: வண்டியில ரேடியோ ஊமையாகிப் பல வருஷம் ஆச்சு.

மாப்பிள்ளை: பின்ன எதுக்கு மாமா இவ்வளவு கதை?

மாமனார்: திங்கக்கிழமை உங்க அத்தையோட கிளம்பினேன். வழியெல்லாம் ஸ்டியரிங் கிடுகிடுன்னு ஆடுது. என் கைதான் நடுங்குதுன்னு நினைச்சேன். அவ பாக்கக் கூடாதேன்னு இறுக்கிப் பிடிச்சுக்கிட்டே ஓட்டினேன். பயிற்சிக்கூடத்து வாசல்ல இறங்கிப் பாத்தா சக்கரம் இப்படி இருக்கு. எங்க மோதினேன், எதுல மோதினேன்... யோசிச்சு யோசிச்சுப் பாக்குறேன், ஒண்ணுமே வரல. முந்தின நாள் பல்பு வாங்கணும்னு நீங்க வண்டியை எடுத்துட்டுப் போனீங்களே. அப்ப ஸ்டியரிங் ஆடுச்சா?

மாப்பிள்ளை: அது... இல்ல மாமா. அப்ப நல்லாத்தான் இருந்துச்சு.

மாமனார்: அதான். நீங்க ஒழுங்கா ஓட்டி ஒழுங்காக் கொண்டாந்து விட்டிருக்கீங்க. அப்ப நான்தான்.

மாப்பிள்ளை: மாமா, அதை விடுங்க...

மாமனார்: எப்படி விடுறது? சக்கரம் நசுங்குற அளவுக்கு மோதியிருக்கேன், மோதினது எனக்கே தெரியல. உங்க அத்தையை உள்ள விட்டுட்டு, வந்த ரோடு பூரா திரும்ப நடந்தேன். ஓரக்கல்லு, மரத்தடி, வேலி, ஒண்ணு விடாம குனிஞ்சு பாத்தேன். யாரையாவது... யார் மேலயாவது...

மாப்பிள்ளை: ஐயோ, மாமா.

மாமனார்: ஒரு பூனை நொண்டிக்கிட்டுப் போச்சு. அது பின்னாடியே போனேன். அது என்னைத் திரும்பிப் பாத்துட்டு ஓடுச்சு பாருங்க ஒரு ஓட்டம், அதுல நொண்டலே இல்ல. அப்பத்தான் எனக்கு மூச்சு வந்துச்சு.

மாப்பிள்ளை: வீட்டுல வந்து இப்படித்தான்னு சொல்லியிருக்கலாம்ல.

மாமனார்: என்னன்னு? "தெரியலம்மா"ன்னா? வெக்கமா இருந்துச்சு. புளுகன்னு பேர் வாங்கினா எனக்குப் பரவாயில்ல, அது பழகின பேருதான். நினைவு தப்பினவன்னு ஒரு பேர் வந்துட்டா அப்புறம் குழம்புல உப்பு சரியா இருக்கான்னுகூட என்னைக் கேக்க மாட்டாங்க. அதான் ஒரு பள்ளம் தோண்டினேன். தோண்டுறதே தோண்டுறோம், சின்னதா எதுக்குன்னு கொஞ்சம் பெருசாத் தோண்டிட்டேன்.

மாப்பிள்ளை: அதை ஏன் நூலகத்து வளைவுல தோண்டினீங்க?

மாமனார்: வேற எங்க போவேன்? வருஷம் பூரா நீங்க தோண்டுறீங்க, மூடுறீங்க, மறுபடி தோண்டுறீங்க. எப்படியும் ஒண்ணாவது இருக்கும்னு ஒரு நம்பிக்கை. நீங்க இந்தத் தடவை பாத்து ஒழுங்கா மூடித் தொலைச்சிருக்கீங்க.

மாப்பிள்ளை: மாமா...

மாமனார்: குத்தமாச் சொல்லல. உங்க வேலை அது. எனக்கு அந்தத் தாருதான் புரியல. எந்தத் தாருல போய் ஓட்டினேன்? அதுவும் ஞாபகம் இல்ல பாருங்க. முத்திப்போச்சு.

மாப்பிள்ளை: அப்படியெல்லாம் பேசாதீங்க.

மாமனார்: இந்தாங்க, சாவி. நீங்களே என் பொண்ணுகிட்டக் கொடுத்துடுங்க. நான் கொடுத்தா கை நடுங்கும், அதையும் சேர்த்து ஒரு டாக்டரைத் தேடுவா.

மாப்பிள்ளை: அத்தை பயிற்சிக்கு எப்படிப் போவாங்க?

மாமனார்: போக மாட்டா. "கொஞ்சம் கொண்டு விடுறீங்களா"ன்னு யார் வாசல்லயும் போய் நிக்கிற ஆளா அவ? முழங்கால் நல்லாயிருச்சுன்னு சொல்லிட்டுப் படுத்துக்குவா. என்னைவிடச் சுருக்கமாப் பொய் சொல்லுவா... போன் அடிக்குது பாருங்க. என் பொண்ணுதான்.

மாப்பிள்ளை: அடிக்கட்டும்.

மாமனார்: எடுங்க. பள்ளம் இல்லைன்னே சொல்லிடுங்க, உங்க வேலைக்குக் கெட்ட பேர் வேணாம். பூனை விஷயம் மட்டும் வேணாம், என்ன?

மாப்பிள்ளை: ...சொல்லும்மா. கடையிலதான் இருக்கோம்... டயர் ஒண்ணு மாத்தணும்... அப்பா பக்கத்துலதான் இருக்கார். சாவி என் கையில இருக்கு... இரு, நான் சொல்றதை முதல்ல கேளு. நூலகத்து வளைவுல பள்ளம் இருக்கு.

மாமனார்: மாப்பிள்ளை, எனக்காகப் பொய் வேணாம்...

மாப்பிள்ளை: இருக்கும்மா. நான் மூடல. பெரிய ஆபீசர் பாக்க வர்றார்னு பொடிக்கல்லைக் கொட்டி மேல தாரை மெழுகிவிட்டேன். ஒரு மழைக்குக் கரைஞ்சுபோச்சு... எனக்கு எப்படித் தெரியுமா? ஞாயித்துக்கிழமை பல்பு வாங்கப் போகல. அதைப் பாக்கத்தான் போனேன். தண்ணி நிறைஞ்சு கிடந்துச்சு. எங்க இருக்குன்னு தேடுறதுக்குள்ள அதுக்குள்ளயே இறக்கிட்டேன்... ஆமா. அப்பா வண்டியைத்தான்... அன்னைக்கு நீ கேட்டப்போ தட்டுல இருந்து தலையைத் தூக்க முடியல... திட்டு. வீட்டுக்கு வந்து வாங்கிக்கிறேன்.

மாமனார்: அப்ப நான் எங்கயும் மோதலையா?

மாப்பிள்ளை: இல்ல மாமா.

மாமனார்: யார் மேலயும்...

மாப்பிள்ளை: இல்ல மாமா. அந்தப் பூனை மேலகூட இல்ல. உங்களுக்கு மறந்து போகல. ஞாபகம் வெச்சுக்க அங்க ஒண்ணும் நடக்கவே இல்ல. இந்தாங்க, சாவியைப் பிடிங்க.

மாமனார்: ...ஆடினது என் கை இல்லையா?

மாப்பிள்ளை: ஸ்டியரிங்தான் மாமா.

சக்கரக் கடைக்காரர்: சார், ரிம் நேராயிருச்சு. அப்பப்பா, என்னா நசுங்கல். தட்டுறதுக்குள்ள தோள்பட்டை கழண்டுபோச்சு. ஐயா சொன்ன லாரியெல்லாம் இருக்கட்டும், நீங்க சொல்லுங்க சார், நெசமாவே அங்க பள்ளம் இருக்கா? எவ்வளவு ஆழம்தான் இருக்கும்?

மாப்பிள்ளை: எங்க மாமா சொன்ன ஆழம்தாங்க. ரெண்டு பாட்டு.