இடது கண்ணில் வெள்ளை

ஹலோ... ஹலோ, டேய், நான்தான்... ஆமா, அக்காதான். ஸ்டூடியோவுலேருந்து பேசறேன். குட்டி என்ன பண்றா?... முழிச்சிருக்காளா?... சரி, சரி.

ஒண்ணுமில்ல. அவ பிறந்தநாள் போட்டோ எல்லாம் இப்பத்தான் பெரிய ஸ்கிரீன்ல போட்டுப் பார்க்கறேன்... ம்... ஆமாடா, நீ அன்னிக்கே எல்லாருக்கும் அனுப்பிட்ட, தெரியும்... ஆமா, ஆமா. உன் புது போன்தான் ராஜா. என் கேமரா அம்மிக்கல்லு. ஒத்துக்கறேன்.

...கேலி பண்ணல. நிஜமாத்தான் சொல்றேன். வீட்டுல எடுக்கறவங்களுக்கு அது போதும். நானே கல்யாண வீட்டுல அவசரத்துக்குப் போனைத்தான் நீட்டறேன்... சண்டைக்கு வரலடா. கொஞ்சம் நான் சொல்றதைக் கேளு. உன் பொண்டாட்டி பக்கத்துல இருக்காளா?... குளிக்கறாளா. நல்லது. ஸ்பீக்கர்ல போடாத.

...குரலா? ஒண்ணுமில்ல. தண்ணி குடிக்கல, அதான்.

டேய், கேக் வெட்டறப்ப லைட்டை அணைச்சீங்கல்ல, அப்ப நான் ஃபிளாஷ் போட்டு எடுத்தேன். அதுல அவ கண்ணு... ம், சிவப்பா விழும். ஃபிளாஷ் நேரா அடிச்சா எல்லாருக்கும் விழும். உனக்கும் விழுந்திருக்கு, பூதம் மாதிரி நிக்கற. சிவப்பு விழுந்தா பயமே இல்ல. இவளுக்கு வலது கண்ணு சிவப்பு. இடது கண்ணு வெள்ளை.

...வெள்ளைடா. கருவிழி நடுவுல. இருட்டுல பூனைக்கண்ணு மின்னுமே, அந்த மாதிரி.

...நானும் அப்படித்தான் நினைச்சேன், மெழுகுவத்தி வெளிச்சம் பட்டிருக்கும்னு. ஒரு படம்னா விட்டிருப்பேன். உன் மடியில உட்கார்ந்திருக்காளே, அதுலயும் இருக்கு. பலூனைக் கடிக்கறாளே, அதுலயும் இருக்கு. எல்லாத்துலயும் அதே கண்ணு.

...லென்ஸ் கோளாறுன்னா பக்கத்துல நிக்கற உனக்கும் விழணும்ல?

...உன் போன்ல இல்ல. பார்த்துட்டேன். நீ அனுப்பினதை ஒண்ணு விடாமப் பார்த்துட்டேன். ரெண்டு கண்ணும் கருகருன்னு, பொம்மைக்கு வெச்ச மாதிரி இருக்கு. அதான்டா விஷயமே. உன் போன் பாதி நேரம் ஃபிளாஷே போடாது, இருட்டுலயே எடுத்துடும். போட்டாலும் கண்ணுல விழறதை அதுவே திருத்திடும். படம் அழகா வரணும், அதுக்கு அவ்வளவுதான். உள்ளதைக் காட்டணும்னு அதுக்கு என்ன வந்துது?... போன் மேல எனக்கு என்னடா பொறாமை? இப்ப அதுவா பேச்சு?

...சரி. சரி, விடு. நானும் கத்திட்டேன்.

...கேட்டேன். கண் டாக்டரம்மா ஒருத்தங்க இருக்காங்க, அவங்க வீட்டுக் கல்யாணத்துக்கு நான்தான் எடுத்தேன். படத்தை அனுப்பினேன். உடனே கூப்பிட்டாங்க... அதான்டா பயமா இருக்கு. உடனே கூப்பிட்டாங்க. சின்னதாவும் இருக்கலாம், பெருசாவும் இருக்கலாம், பார்க்காம சொல்ல முடியாது, ஆனா நாளைக்குன்னு தள்ளாதீங்க, இப்பவே கூட்டிட்டு வாங்கன்னாங்க.

...பெருசுன்னா என்னன்னு நான் கேக்கல.

...கேட்டேன். கட்டியா இருக்கலாம்னாங்க. இருக்கலாம்னுதான் சொன்னாங்கடா. ஆமான்னு சொல்லல.

...நல்லாத்தான் ஓடியாடறா, தெரியும். ரெண்டு வயசுக் குழந்தை ஒரு கண்ணு தெரிஞ்சாலே ஓடியாடும், வீட்டுல யாருக்கும் தெரியாதுங்கறாங்க... நம்பலையா? சரி, அவ முன்னாடி உட்காரு. விளையாட்டு மாதிரி. இடது கண்ணை உன் உள்ளங்கையால மூடு. அழுத்தாத... என்ன பண்றா?... சிரிக்கறாளா. கேக்குது, கேக்குது. இப்ப வலது கண்ணை மூடு. நல்ல கண்ணை. மூடிட்டு எதையாவது கையில நீட்டு.

...டேய்.

...என்னடா, சொல்லு.

...கையைத் தட்டி விடறாளா... பொம்மையை எடுக்கலையா... இன்னொரு தரம் மூடிப் பாரு.

...எடு. கையை எடுடா, போதும், அழறா. எனக்கே கேக்குது. எடுத்துட்டியா?... தூக்கு அவளை. தோள்ல போட்டுக்கோ.

...தூக்கத்துக்கு அழல. உனக்கே தெரியும்.

...இல்ல, நீ வண்டி எடுக்காத. நான் கடையைப் பூட்டிட்டேன், கிளம்பிட்டேன். உன் பொண்டாட்டிகிட்ட நீ எதுவும் சொல்ல வேண்டாம், நான் வந்து பக்குவமா... யாரு?... வந்துட்டாளா? குடுக்காத. குடுக்காதடா, நான் நேர்ல...

ஹலோ... ஆமாம்மா, நான்தான்... போட்டோ விஷயமாத்தான் பேசிட்டிருந்தோம்... நல்லா வந்திருக்கு. எல்லாம் நல்லா வந்திருக்கு... அவன் அழறானா?

...ம்.

...இல்லம்மா, எங்களுக்குள்ள சண்டை எதுவும் இல்ல. நீ தலையைத் துவட்டு முதல்ல. குட்டிக்கு மாத்துத் துணி ஒண்ணு எடுத்து வை, பால் புட்டி எடுத்துக்கோ. எல்லாருமா ஒரு இடத்துக்குப் போறோம்... ஆஸ்பத்திரிக்குத்தான்... அவனுக்கு இல்ல. குட்டிக்கு. கண்ணுல ஒண்ணு பார்க்கணும்.

...ஆமாம்மா, பிறந்தநாள் போட்டோலதான் தெரிஞ்சுது. இடது கண்ணு.

...இருக்கு. படம் எங்கிட்டதான் இருக்கு... அனுப்ப மாட்டேன். கேட்டாலும் அனுப்ப மாட்டேன். பக்கத்துல உட்கார்ந்து காட்டறேன், நீ தனியா அதைப் பார்க்க வேண்டாம். கதவைத் திறந்து வை. வெச்சிடறேன்.