இரைச்சல் இல்லாத பெட்டி

ரேடியோவில் இரைச்சல் வந்தால் எனக்குச் சோறு இறங்காது, ஐயா. ராபர்ட்சன்பேட்டைக் கடைத்தெருவில் பதினாறு வருடமாக ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். தசரதன் கைபட்ட செட்டு கரகரக்காது என்று ஊரே சொல்லும். ஊர் சொல்லாத நாட்களில் நானே சொல்லிவிடுவேன்.

சுரங்கத்தில் செத்துப்போன எலெக்ட்ரீஷியன் ஏனோக்கின் பெட்டியில் நான் ஈயம் உருக்கிப் பற்றவைத்த இடத்தைப் பற்றி, 'சால்டர் விட்டுப்போயிருக்கலாம்' என்று விசாரணையில் எழுதப்போகிறீர்களாமே. அதைக் கேட்டதும் பொறுக்காமல் கடையை அடைத்துவிட்டு வந்தேன். மூன்று பேர் போனதில் எனக்கும் வருத்தம்தான். அதற்காக வாய்க்கு வந்ததை எழுதலாமா?

ஏனோக், ஷிப்ட் முடிந்ததும் பத்திரிகையைப் பார்த்து சர்க்யூட் செய்கிற ஆசாமி. பாறை வெடித்துச் சரிவதற்கு முன்னால், ஊசியால் கீறுகிற மாதிரி மெல்லிய சத்தம் விடுமாம். அதைப் பெரிதாக்கிக் காதில் தர ஒரு பெட்டி செய்து, பூமிக்கடியில் தான் வேலை செய்யும் லெவலுக்கே கொண்டுபோனான். சத்தம் கூடினால் கூட இருக்கிறவர்களை இழுத்துக்கொண்டு, ஆட்களை மேலே ஏற்றுகிற கேஜ் பக்கம் ஓடிவந்துவிடுவான். அப்படி இரண்டு முறை பிழைத்தார்கள். அப்புறமென்ன, என் கடையில் உட்கார்ந்து, என் டீயைக் குடித்துக்கொண்டே அவன் புகழ் பாடினார்கள்.

அவன் பெட்டியில் சத்தத்தைப் பெரிதாக்க இருந்தது 709 என்கிற பழைய ஐசி. அது ஊளையிடாமல் இருக்க வெளியே கெப்பாசிட்டர், ரெசிஸ்டர் என்று ஒரு பரிவாரம் வேண்டும். அப்படியும் உஸ்ஸென்று இரையும். நான் பெங்களூரிலிருந்து புதிய 741 வாங்கிவந்திருந்தேன். அதே எட்டுக் கால், அதே சாக்கெட், பரிவாரமெல்லாம் வயிற்றுக்குள்ளேயே. இதைப் போட்டால் இரைச்சல் ஒழியும் என்று கடையில் நாலு பேர் முன்னால் அவனிடம் சொன்னேன்.

"இன்னா தசரதா, பாட்டு கேக்கற ரேடியோவும் பாறை கேக்கற பெட்டியும் ஒண்ணா? அதெல்லாம் கணக்குப் போட்டு வெச்சது. நீ போய் ஸ்பீக்கருக்குத் துணி மாத்து" என்றான்.

நாலு பேரும் சிரித்தார்கள். என் டீ குடித்த வாயாலேயே சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அடுத்த மாதம் பெட்டி கீழே விழுந்து சுவிட்ச் உடைந்தது. ஏனோக்குக்குக் காய்ச்சல். அவன் மனைவி வின்னி கொண்டுவந்தாள். "சுவிட்சு மட்டும் மாத்திக் குடுங்கண்ணா. செவ்வாக்கிழமை அவரு வேலைக்குப் போவணும்."

சுவிட்சை மாற்றினேன். கூடவே 709-ஐப் பிடுங்கி, பரிவாரத்தைக் கத்தரித்து, 741-ஐச் செருகினேன். இரைச்சல் சுத்தமாக நின்றது. நிறைகுடம் தளும்பாது என்பார்களே, அப்படி.

செவ்வாய் காலையில் ஏனோக் வந்து காதில் வைத்துப் பார்த்தான். நான் செய்ததைச் சொன்னேன். முகம் மாறியது. "ஊசி கீறிப் பாத்தியா?"

"பாத்தேன். கணீர்னு கேக்குது."

பெட்டியை மறுபடி காதில் வைத்தான். அப்புறம் அந்த நாலு பேர் முன்னால் என் தோளைத் தட்டி, "கைக்காரன்யா நீ. நான் பேசினது தப்பு" என்றான். ஐயா, பொய் சொல்வானேன், அன்று மதியம் இரண்டு ஆள் சோறு தின்றேன்.

வெள்ளிக்கிழமை பாறை வெடித்தது. ஏனோக்கும் இரண்டு பேரும் கேஜ் பக்கம் நகரவே இல்லை. பெட்டி பேசாமல் இருக்கும்போது எதற்கு நகர்வார்கள்? காதில் வைத்திருந்தவன் தூங்கிவிட்டான் என்று தொழிலாளர் லைன் வீடுகளிலெல்லாம் ஏசினார்கள்.

வின்னி கடைக்கு வந்து அழுதாள். "அவரு வேலைல தூங்கற ஆள் இல்லண்ணா. பெட்டி சரியாத்தான இருந்துச்சு?"

"முதல் தரமா இருந்துச்சும்மா" என்றேன். வேறென்ன சொல்வது?

ஊசி விஷயத்துக்கு வருகிறேன். பார்க்காமல் கொடுக்கிறவன் இல்லை நான். திங்கட்கிழமையே வீட்டு ஆட்டுக்கல்லில் வைத்துப் பார்த்தேன். என் மனைவி பாப்பம்மாதான் கீறினாள். "இன்னாங்க, குழவியால தட்டினா கேக்குது, ஊசியால கீறினா ஒண்ணுமே வர்லியே" என்றாள். ஐசியைப் பற்றி உனக்கு என்னடி தெரியும் என்று அதட்டினேன். ஆனால் எனக்குத் தெரியும். அத்தனை மடங்கு பெரிதாக்கச் சொன்னால் 741 தடித்த சத்தத்தை மட்டும்தான் தூக்கும். கீச்சென்ற மெல்லிய சத்தத்தை விழுங்கிவிடும்.

பழைய 709 என் சட்டைப்பையில்தான் இருந்தது. திருப்பிப் போட அரைமணி நேரம் ஆகியிருக்கும். போட்டால் இரைச்சல் திரும்பும். நாலு பேர் மறுபடி சிரிப்பார்கள். அதனால் பெட்டி செவிடு என்று தெரிந்தேதான் கொடுத்தேன்.

சால்டர் தானாக விட்டுப்போனது என்று எழுதினால் நானும் தப்பிப்பேன், ஏனோக்கின் பேரும் தப்பிக்கும் என்கிறீர்கள். இருக்கட்டும். அந்த வரியை அடித்துவிடுங்கள். என் சால்டர் இதுவரை விட்டதில்லை. பெட்டி உங்கள் மேசைமேல்தானே இருக்கிறது, காதில் வைத்துக் கேளுங்கள்: துளி இரைச்சல் இருக்கிறதா?