ஆறு மன்றங்களின் பொறுப்பாளருக்குக் கையெழுத்திட்டவர்கள் எழுதுவது

கணக்கைக் கற்பித்தவரே! காலம் தவறாதவரே! கால் வலித்த நாளிலும் கடைசிப் பாடவேளையைக் கைவிடாதவரே! இருபத்தாறு ஆண்டுகள் எங்கள் ஆசிரியர் அறையில் உட்கார நேரமின்றி நின்றபடியே தேநீர் குடித்த எங்கள் கணித ஆசிரியை அவர்களே! வணக்கம்.

இன்னும் நான்கு அடைமொழிகள் எழுதியிருந்தோம், அடித்துவிட்டோம். மன்றக் குறிப்பேட்டில் 'கூட்டம் இனிதே நிறைவுற்றது' என்று எந்த மாணவர் எழுதினாலும் பென்சிலால் வட்டமிட்டு, "யாருக்கு இனிது? என்ன நடந்துச்சோ அதை எழுது" என்று திருப்பிக் கொடுப்பவர் நீங்கள். உங்களுக்கு வாசிக்கும் மடலுக்கு மட்டும் வேறு விதி இருக்க முடியாது. ஆகவே நடந்ததையே எழுதுகிறோம். களைப்போடுதான் எழுதுகிறோம், ஆண்டுத் தேர்வுத் தாள்களில் இரண்டு கட்டு இன்னும் பிரிக்கப்படாமல் மேசைமேல் கிடக்கிறது.

மொழி, கணிதம், அறிவியல், வரலாறு, புவியியல், கணினி என்று நம் பள்ளியில் ஆறு மன்றங்கள். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் ஆறு அறைகளில் ஒரே நேரத்தில் ஆறும் கூடும். சுவரில் ஒட்டிய பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆசிரியர் உண்டு. நிஜத்தில் அந்த ஆசிரியர்களான நாங்கள் தாள் திருத்திக்கொண்டிருப்போம். நீங்கள் தாழ்வாரத்தில் நடந்துகொண்டிருப்பீர்கள். அறைக்கு ஏழு நிமிடம், நடைக்கு எல்லாம் சேர்த்து மூன்று நிமிடம், ஆக நாற்பத்தைந்து. "ஒரு மாசத்துக்கு மட்டும் ஒருங்கிணைப்பாளரா இருங்கம்மா" என்று அன்றைய தலைமையாசிரியர் சொன்னாராம். அந்த ஒரு மாதம் இன்று மாலை முடிகிறது.

முடிகிறது என்பது வெறும் பேச்சில்லை. சென்ற திங்களன்று இப்போதைய தலைமையாசிரியை ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். ஒவ்வொரு மன்றத்தையும் நேரில் நடத்த ஒருவர் உங்கள் பணிநிறைவு விழாவான இன்றைக்கு முன் பெயர் தர வேண்டும். ஒரே ஒரு மன்றத்துக்குப் பெயர் இல்லாவிட்டாலும் ஆறு மன்றங்களும் நின்று, அந்தப் பாடவேளை முழுவதும் தேர்வுப் பயிற்சிக்குப் போய்விடும். நீங்கள் அதைப் படித்தீர்கள், மடித்தீர்கள், எங்கள் யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் எங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

போகப்போவது என்ன என்பதைக் குறிப்பேடுகளே சொல்கின்றன. கணித மன்றம் நிழலை அளந்து தண்ணீர்த் தொட்டியின் உயரத்தைக் கண்டது. மூன்று குழுக்களுக்கு மூன்று விடை வந்தது. மூன்றையும் எழுத வைத்தீர்கள். பிறகு காவலாளியை ஏற்றி மேலிருந்து கயிறு விட்டுப் பார்த்ததில் மூன்றுமே தவறு. அதையும் எழுத வைத்தீர்கள். அறிவியல் மன்றத்தில் நாற்பத்திரண்டு பேருக்கு ஒரே நுண்ணோக்கி. அன்றைய குறிப்பு இது: 'வெங்காயத் தோலின் செல்களை முப்பத்தொன்பது பேர் வரைந்தனர். மூவர் தங்கள் இமைமயிரை வரைந்தனர்.' வரலாற்று மன்றத்துக்கு ஒருவன் ஓடாத அலாரம் கடிகாரம் கொண்டுவந்தான். அது ஏன் அந்த நேரத்தில் நின்றது என்று அவன் அப்பாவிடம் கேட்டுவர நீங்கள் அனுப்பியதில், அப்பா பள்ளிக்கே வந்து கதை சொன்னார்.

இனி எங்கள் கதை. மடலில் இது வேண்டாம் என்றார் உடற்கல்வி ஆசிரியர். நடந்ததை எழுது என்று நீங்கள் சொல்வீர்கள் என்றோம். அவர் விட்டுவிட்டார்.

போன ஆண்டு உங்கள் முழங்காலில் அறுவைசிகிச்சை. ஆறு வெள்ளிக்கிழமை நீங்கள் வரவில்லை. அந்த ஆறு வாரமும் பிள்ளைகள் தங்கள் பாட்டுக்கு வீட்டுப்பாடம் எழுதினார்கள், நாங்கள் தாள் திருத்தினோம். குறிப்பேடு காலியாகக் கிடந்தால் உங்களுக்கு மனம் கஷ்டப்படும் என்று சொல்லிக்கொண்டு, முந்தின ஆண்டுக் குறிப்புகளைப் பார்த்து எழுதிவைத்தோம். தேதியை மாற்றினோம். வேறெதையும் மாற்றவில்லை. வெயில் கொளுத்திய ஒரு வாரத்தில் புவியியல் மன்றத்தின் மழைமானியில் பதினான்கு மில்லிமீட்டர் மழை பதிவானது அப்படித்தான்.

ஊன்றுகோலோடு திரும்பி வந்த முதல் நாளே ஆறு குறிப்பேடுகளையும் வாசித்துவிட்டீர்கள்.

"அந்த உயரமான பொண்ணு போன வருஷமே பள்ளிக்கூடம் முடிச்சுட்டுப் போயிட்டா. மூணாவது வெள்ளிக்கிழமை அறிவியல் மன்றத்துல நன்றியுரை சொல்லிருக்காளே, காலேஜுக்கு லீவு போட்டுட்டு வந்தாளா?"

வரலாற்று ஆசிரியர்தான் வாய் திறந்தார். "டீச்சர்... அது பாத்து எழுதினது."

"அது தெரியுது சார். பசங்க பாத்து எழுதினா பேரையாவது மாத்துவாங்க."

சிரித்தோம். நீங்கள் சிரிக்கவில்லை. "முப்பத்தாறு கூட்டம் நடந்ததா எழுதிக் கையெழுத்தும் போட்டாச்சு. கிழிக்க வேணாம். நடத்திடுவோம்" என்றீர்கள்.

நடத்தினீர்கள். முப்பத்தாறு வேலைநாள், மதிய இடைவேளையில், தினம் ஒரு கூட்டம். ஒவ்வொரு பொய்க் குறிப்புக்கும் கீழே உண்மையான தேதியும் உண்மையில் நடந்ததும் ஏறின. 'நடத்திடுவோம்' என்றதில் நாங்களும் அடக்கம் என்பது எங்களுக்கு உறைக்க இருபத்தேழு கூட்டம் ஆயிற்று. இருபத்தெட்டாவதற்கு வரலாற்று ஆசிரியர் சாப்பாட்டுப் பெட்டியை மூடிவிட்டு எழுந்தார். "அந்தக் கம்பு தரையில தட்டுற சத்தத்தைக் கேட்டுக்கிட்டே எப்படிய்யா சாப்பிடுறது?" என்றார். மற்றவர்களும் ஒவ்வொருவராகப் பின்னால் போனோம்.

முப்பத்துநான்காவது கூட்டத்துக்கு அந்த உயரமான பெண்ணே வந்தாள், கல்லூரிப் பையோடு. நீங்கள்தான் வரச் சொல்லியிருந்தீர்கள். "நான் பேசினதா எழுதிருக்கீங்களாமே, என்ன பேசினேன்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றாள். பிறகு உண்மையாகவே நன்றி சொன்னாள். இமைமயிரை வரைந்த மூவரில் ஒருத்தி தான்தான் என்று அன்றுதான் ஒப்புக்கொண்டாள்.

இந்த வாரம் சுற்றறிக்கையை எடுத்துக்கொண்டு சுற்றி வந்தவர் ஆய்வக உதவியாளர். தினமும் நாட்குறிப்பு எழுதுகிறவர் என்ற ஒரே காரணத்துக்காக இந்த மடலும் அவர் தலையில் விழுந்தது. மேலே உள்ள எண்கள் அவர் நாட்குறிப்பிலிருந்து வந்தவை, இரண்டு முறை சரிபார்த்தவை. முதல் சுற்றில் கிடைத்தது ஒரே பெயர், வரலாறு. "வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட்ல எனக்கு நிக்கவே தெம்பில்ல தம்பி" என்றார் மொழியாசிரியை. "பதினொண்ணுல நாலு கம்ப்யூட்டர்தான் ஓடுது, அஞ்சாவதா நானும் ஓடணுமா?" என்றார் கணினி ஆசிரியர். அவர்கள் சொன்னது பொய்யில்லை. எல்லோரும் களைத்துத்தான் இருக்கிறோம். ஆனால் அந்தக் களைப்பு உங்களுக்கும் இருபத்தாறு ஆண்டும் இருந்தது என்பதை யாரும் சொல்லாமலே இரண்டாம் சுற்றில் நான்கு பெயர்கள் சேர்ந்தன. "மழைமானி பாக்குறேன், ஞாயித்துக்கிழமை மட்டும் கேக்காதீங்க" என்பது புவியியலின் நிபந்தனை.

மிச்சம் கணிதம். உங்கள் மன்றம். இன்னொரு கணித ஆசிரியை அடுத்த மாதம் பிரசவ விடுப்பில் போகிறார். கடைசியில் ஆய்வக உதவியாளர் தன் பெயரையே தயங்கித் தயங்கிச் சொன்னார். மாலைக் கல்லூரியில் கணிதம் படிக்கிறார். ஒரு தாள் பாக்கி, அதிலேயே இரண்டு முறை தவறியவர். தலைமையாசிரியை பட்டியலை அவரிடமே திருப்பித் தந்தார். "பென்சில்ல எழுது. பாஸ் பண்ணிட்டு வந்து இங்க்ல எழுதிக்கோ. இல்லேன்னா ஆறும் போச்சு, ஞாபகம் வெச்சுக்கோ" என்றார்.

அதனால் முழு நல்ல செய்தியோடு உங்களை வழியனுப்ப முடியவில்லை. ஐந்தரைப் பெயர்களோடு அனுப்புகிறோம். நீங்கள் நெடுநாள் வாழ வேண்டும். முழங்கால் வலி விட வேண்டும். தேநீரை உட்கார்ந்து, சூடு ஆறுவதற்குள் குடிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்றே கால் மணிக்கு உங்கள் வீட்டில் எந்த மணியும் அடிக்காதிருக்க வேண்டும்.

இந்த மடலுக்குச் சட்டம் போடுகிற கடைக்காரர், "பென்சில் எழுத்து நிக்காதுங்க, மையில எழுதிக் கொடுங்க" என்றார். தேர்வு முடிவு வரும்வரை பின்பலகைக்கு ஆணி அடிக்க வேண்டாம் என்று அவரிடம் சொல்லியிருக்கிறோம். முடிவு எதுவானாலும் உங்கள் வீட்டுக்கு வந்து, பலகையைக் கழற்றி, நடந்ததை எழுதுவோம்.

மொழி மன்றம்: மொழியாசிரியை
வரலாற்று மன்றம்: வரலாற்று ஆசிரியர்
அறிவியல் மன்றம்: அறிவியல் ஆசிரியை
புவியியல் மன்றம்: புவியியல் ஆசிரியர் (ஞாயிறு நீங்கலாக)
கணினி மன்றம்: கணினி ஆசிரியர்
கணித மன்றம்: ஆய்வக உதவியாளர் (பென்சிலில்)